கிழக்கு பார்த்த முதல் குழி

"அப்பா, சூரியனப் பாத்துக்கிட்டே அடிச்சா, பந்து யாரு மேல விழுதுன்னு யாருப்பா பாக்கது?"

சிவசைலத்தின் மகள் தேஜஸ்வினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. தென்காசியில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் விரித்து வைத்திருந்த வரைபடத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். படத்தில் வடக்கு எது, கிழக்கு எது என்று அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தான். கிழக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு சூரியனைப் போட்டுவிட்டு, முதல் குழிக்குப் போகிற கோட்டை விரலால் தடவியபடி கேட்டாள். அவன் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு, போய் வீட்டுப்பாடத்தை முடி என்றான்.

பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை.

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற வழியில் அப்போது ஒரு ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் மைதானம் அமைக்கும் பொறுப்பு சிவசைலத்துடையது. பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஆறு வருடம் புல்லோடும் தண்ணீர்க் குழாய்களோடும் கிடந்தவன். அவன் கோல்ஃப் ஆடியதில்லை. ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆயிரம் பேருக்கு உத்தரவு போடுகிற மனிதர்கூட முதல் குழிக்கு முன்னால் நிற்கும்போது சின்னப் பிள்ளையாகிவிடுவார். உடம்பில் இன்னும் சூடு ஏறியிருக்காது. பின்னால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். கை கூசும். அந்த முதல் அடியில் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்துகொண்டு ஓடும்.

ஆகவே நல்ல முதல் குழி என்பது தவறு செய்ய இடம் கொடுப்பது என்று அவன் புரிந்துவைத்திருந்தான். அடிக்கிற இடத்திலிருந்து குழி வரை நீள்கிற புல்வெளி அகலமாக இருக்க வேண்டும். தண்ணீரோ பள்ளமோ குறுக்கே வரக்கூடாது. காலை வெயில் கண்ணில் விழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலப்பக்கத்தில் மனிதர்கள் இருக்கக்கூடாது. தவறு செய்கிறவனுக்கும் அது நல்லது, அதன் வழியில் இருக்கிறவர்களுக்கும் நல்லது. இதை மேஸ்திரி இசக்கியப்பனிடம் சொல்லும்போது, வீட்டுக்கு வந்தவனுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறோமே, அந்த மாதிரி என்றான்.

இசக்கியப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "சரிதான் சார். ஆனா இம்புட்டு செலவழிச்சு குழி தோண்டி, பந்தை அதுக்குள்ள தொலைக்காங்களே, அதுக்கு எங்கிட்ட குடுத்தா நான் சும்மாவே தொலைச்சுத் தந்திருவேன்."

முதல் வரைபடத்தில் ஆட்டம் வடக்கு நோக்கித் தொடங்கியது. வலப்பக்கம் பனைகள் நிற்கும் வெறும் தேரி, ஆள் நடமாட்டமில்லாத செம்மண் மேடு. அந்தப் படத்தை முதலாளி ராகவேந்திரனுக்கும் பிடித்திருந்தது. அவருடைய குடும்பம் தென்காசியை விட்டுச் சென்னைக்குப் போய் நாற்பது வருடமாகியும், எதைத் தொடங்கினாலும் வாஸ்து பார்க்கிற வழக்கம் போகவில்லை. வாஸ்து பார்க்க வந்தவர் நிலத்தைச் சுற்றி வந்து, முதல் அடி கிழக்கு நோக்கித்தான் போக வேண்டும், வேறு எந்தத் திசையும் இந்த மண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

கிழக்கே போவதென்றால் தெற்கு எல்லையை ஒட்டித்தான் இடம் இருந்தது. அந்த எல்லைக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்கால் கரைதான் அக்கரை ஊர்ப் பெண்களுக்கு வழி. வயலுக்குப் போகிறவர்கள் உண்டு. சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கி, காலையில் பீடிக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைவிட அதிகம்.

சிவசைலம் எடுத்துச் சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான். ராகவேந்திரன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்:

"சோமவாரம் தவறாம கோயிலுக்குப் போற ஆளு நீங்க. நம்ம பெரியவங்க சாமிக்கு எந்தத் திசையில வாசல் வச்சாங்க? அவங்களைவிட உங்க விளையாட்டுக்காரங்களுக்கு அதிகம் தெரியுமா?"

சாமியின் பெயரைச் சொன்ன இடத்தில் எதிர்த்துப் பேசி சிவசைலத்துக்குப் பழக்கமில்லை. சாமிக்கு வாசல் வைத்தவர்கள் அந்த வாசலில் நிற்கிற எளியவரையும் நினைத்திருப்பார்கள் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் தோன்றியது. அதற்குள் தலையாட்டிவிட்டு வந்திருந்தான். தனிப் பொறுப்பில் அவனுக்குக் கிடைத்த முதல் மைதானம் அது. இரண்டு நாளில் புதிய படம் வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டான். சாப்பாட்டு மேசையில் மகள் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

தை மாதம் மைதானம் திறந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், காலை ஏழரை மணிக்கு, வெளியூர் விருந்தாளி ஒருவர் முதல் பந்தை அடித்தார். எதிரே சூரியன் பனையுயரத்தில் நின்றது. பந்து எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல அடி என்று நண்பர் மரியாதைக்குச் சொன்னார். வாய்க்கால் பக்கமிருந்து அலறல் வந்த பிறகுதான் இருவரும் திரும்பினார்கள்.

பேச்சித்தாய் என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். பீடிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பந்து இடது கண்ணில் பட்டிருந்தது. சிவசைலம் ஓடிப் போனபோது, முகத்தைப் பொத்திய விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் உழைப்பு வாய்க்கால் தண்ணீரில் பிரிந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. மைதானத்துக்குள் ஓட்டுகிற சின்ன வண்டியில் அவளைத் தூக்கி வைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தான். தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

ராகவேந்திரன் கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவருடையது. வந்து பார்த்தபோது கண்கலங்கினார். ஒரு காகிதத்தில் பேச்சித்தாயிடம் கையெழுத்து வாங்கவும் ஆள் அனுப்பினார். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு ஒரு கண்டம் இருந்தது, கண்ணோடு போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நீங்க என்ன சார் செய்வீங்க, பந்துக்குக் கண்ணா இருக்கு என்று இசக்கியப்பன் ஆறுதல் சொன்னார். எல்லோரும் அவனிடம் அன்பாகவே இருந்தார்கள். அந்த அன்பு அவனைச் சாப்பிட விடவில்லை.

ஒரு மாதம் கழித்து முதலாளியிடம் போனான். முதல் குழியை வடக்கே திருப்ப வேண்டும் என்றும், இது நடக்கும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றும் சொன்னான். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, இதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள், பாதுகாப்புக்கு வேண்டியதை நான் செய்கிறேன் என்றார். மறுவாரமே செய்தார். வாய்க்கால் கரையின் இரண்டு முனையிலும் இரும்புத் தகடு அடித்து, வழியை அடைத்துவிட்டார்கள். அக்கரைப் பெண்கள் இப்போது பெட்டியைச் சுமந்துகொண்டு, புளியறைப் பக்கம் லாரிகள் பறக்கிற ரோட்டில் ஒன்றரை மைல் சுற்றிப் போக வேண்டும். அவன் வாய் திறந்ததால் நடந்தது அவ்வளவுதான். வாஸ்துக்காரர் வந்து பூசணிக்காய் உடைத்து, தோஷம் கழிந்தது என்றார். குழி கிழக்கு பார்த்தே இருந்தது.

சிவசைலம் வேலையை விட்டான். அவன் இடத்துக்கு ஒரு வாரத்தில் வேறொருவர் வந்தார்.

மனதிலிருந்ததைப் பேச்சித்தாயிடமே சொல்லிவிட்டால் கடவுள் ஒரு வழி காட்டுவார் என்று நம்பினான். பங்குனியில் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனான். வீட்டை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில், மடியில் முறம் போன்ற சுளவை வைத்து, இரும்புத் தகட்டை அளவுக்கு வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். உயிரோடிருந்த கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தும், கத்தரி தகட்டை விட்டு விலகி விலகிப் போயிற்று. பக்கத்தில் கடையிலிருந்து திரும்பி வந்த கட்டுகள் கிடந்தன. ஓரம் கோணிய இலையில் சுற்றிய பீடியை அவர்கள் எடுப்பதில்லை. இப்படியே போனால் கடையின் வேலை அட்டையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவளே சொன்னாள். வாங்க தம்பி, அன்னைக்கு வண்டியில தூக்கிட்டுப் போனது நீங்கதான என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "அக்கா, அந்த இடத்துல அடிச்சா பந்து உங்க வழிக்குத்தான் வரும்னு எனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுதான் வரஞ்சு குடுத்தேன்."

கத்தரி நின்றது.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

வெட்டிய இலையை ஒவ்வொன்றாகச் சுளவின் ஓரத்தில் எடுத்து வைத்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"எந்தலையெழுத்துன்னு நெனச்சு ஒரு மாதிரியா மனச அமத்தி வச்சிருந்தேன். சாமி செஞ்சதுன்னு இருந்தா தாங்கிக்கிடலாம். இப்ப வந்து மனுசன் செஞ்சதுங்கிற. அந்த ஒண்ணையும் எடுத்துட்டியே தம்பி. நா மன்னிச்சேன்னு சொன்னா நீ போய் ஒறங்கிருவ. எனக்கு என்ன இருக்கு?"

அவன் எழுந்து நின்றான்.

"போ. இனிமே என் முகத்துல முழிக்காத."

இருட்டிக்கொண்டு வருவதைப்போல இருந்தது அவனுக்கு. வெளியே நல்ல வெயில். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்றுதான் அவன் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருந்தான். இறங்கிய பாரம் இன்னொருவர் தலையில் ஏறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை கோயிலுக்குப் போனான். சந்நிதியில் நின்றபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. மன்னிப்பு என்ற சொல்லே கூச்சமாக இருந்தது. விபூதியை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாதத்துக்கு ஒரு செவ்வாய் அவள் திருநெல்வேலிக்குப் போய்க் கண்குழியைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த நாளைக் கேட்டுக் குறித்துக் கொடுத்தவன் அவன்தான். காலை ஆறு மணிப் பஸ்ஸில் போனால் திரும்ப நாலு மணியாகும். ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்குச் சிவசைலம் அவள் வீட்டுச் சாய்ப்புக்குள் நுழைந்தபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

முந்தின நாள் ஊறவைத்து வடித்த இலை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தது. கால்வாசிகூட வெட்டியிருக்கவில்லை. அவன் அம்மா பீடி சுற்றித்தான் அவனை டிப்ளமோ படிக்க வைத்தாள். இலை வெட்டுவது அவனுக்குப் புதிதல்ல. ஆனாலும் இருபது வருடம் கழித்துக் கத்தரியைப் பிடித்தபோது முதல் சில இலைகள் கோணின. அவற்றைத் தனியே வைத்தான். அப்புறம் கை பழைய வேகத்துக்கு வந்தது. தகட்டை அழுத்தி வைத்து, நரம்பு நடுவில் வரும்படி திருப்பி, நாலு பக்கமும் நறுக்கினான். பெருவிரல் கன்றிப் போயிற்று. எழுந்திருக்கவில்லை. இதனால் அவளுக்குக் கண் வராது என்று தெரியும். இந்த வாரம் கடையில் அவள் கட்டுகளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்குக் கடைசி இலையை வெட்டினான். அன்று வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டுப் பெண் யாரோ செய்ததாக அவள் நினைத்துக்கொள்வாள். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தான். இலைகளை ஒரே பக்கமாக அடுக்கி ஈரத்துணியால் மூடினான். கழிவைக் கூட்டி அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டான். கத்தரியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பஸ் வருவதற்கு முன் தெருவைத் தாண்டிப் போனான்.