மெஹபூப் பாய் வீடு தேடி வந்த நாள்

மெஹபூப் பாயின் ஸ்கூட்டர் எங்கள் பிளாக் முனையில் திரும்பியதைப் பார்த்தேன். உலர்த்திக்கொண்டிருந்த புடவையை அப்படியே கொடியில் சுருட்டிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மனிதர் நல்லவர்தான். பட்டினப்பாக்கத்துப் பையன்கள் ஆடும் ஃபுட்பால் கிளப்புக்கு மேனேஜர். மூன்றாவது டிவிஷன், பணமும் கிடையாது, பவுசும் கிடையாது. சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அவரும் கோச்சும் உட்கார்ந்து பேசுவார்கள். வைத்துக்கொள்ளும் பையனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அனுப்பப்படுகிறவன் வீட்டுக்கு மட்டும் பாய் நேரில் வந்து, பெற்றவர்கள் முன்னால், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நமக்காக ஆடினவனை ஃபோனில் அனுப்புவது மரியாதை இல்லையாம். பெரிய மரியாதை. அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பெற்றவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

என் மகன் பிரபு அங்கே கோல் கீப்பர். போன வருஷம் முட்டியில் அடிபட்டு, காலில் கட்டோடு வீட்டில் கிடந்தபோது அவன் என்னிடம்கூடப் பேசவில்லை. வைத்த சோறு வைத்தபடி காயும். திரும்ப கிரவுண்டுக்குப் போன அன்றுதான் என் பிள்ளை எனக்குக் கிடைத்தான். கிளப் அவனை அனுப்பிவிட்டால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. சத்தியமாக ஆகாது.

விடியற்காலையில் என்னோடு காசிமேடு போய் மீன் ஏற்றி வந்த அசதியில் அவன் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அறைக் கதவைச் சாத்தினேன்.

"பிரபு கீறானாம்மா?" என்றார் பாய், வாசலில் நின்று.

"இல்ல பாய். வெளிய போய்க்கீறான். எப்ப வருவான்னு தெரியாது."

ஆள் இல்லையென்றால் சொல்லாமல் திரும்பிவிடுவார் என்று எனக்கொரு கணக்கு. அவரோ, "பரவால்லம்மா, இருந்து பாத்துட்டே போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. கழுத்தை அறுக்க வந்த மனுஷனுக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், ஒண்ணு கேக்குறேன். மழைன்னு பிராக்டிஸுக்கு வராம நின்னுக்கீறானா அவன்? ஜுரம்னு நின்னுக்கீறானா? இன்னா வலி வலிச்சாலும் வாயத் தொறக்க மாட்டான். இப்பக்கூட டெய்லி மீன் பெட்டி ஐஸ எடுத்து முட்டில கட்டிக்கினுதான் படுக்குறான். கம்பியப் புடிச்சிக்கினுதான் மாடி ஏறுறான். அப்டியும் காலைல எழுந்து கிரவுண்டுக்கு ஓடுறான். அவனப் போயி வேணாம்ன்றீங்களே, மனசு வருதா உங்களுக்கு?"

பாயின் சிரிப்பு நின்றது.

"யாரும்மா வேணாம்னது?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "முட்டி எப்டி கீதுன்னு கோச் கேட்டாரு. வலியே இல்லன்னு உன் புள்ள சத்தியம் பண்ணான். நாந்தான் அவருகிட்ட பேசி முடிச்சேன். அவன கேப்டனாக்குறோம். அத ஃபோன்ல சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

பல வருஷமாக ஒரே ஆள்தான் கேப்டன். கேப்டனாக்கவும் வீடு தேடி வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

"சும்மா சொன்னேன் பாய். எப்பவோ ஒரு நாள் ஐஸ் வச்சான். அவ்ளோதான்."

"மின்ன ஒரு பையன் இப்டித்தான் மறைச்சு ஆடுனாம்மா. ஒரேடியா கால் போச்சு. இன்னிக்கும் அவங்கம்மா மூஞ்சிய என்னால பாக்க முடில."

பேச்சுச் சத்தத்தில் விழித்து, கதவைத் திறந்துகொண்டு பிரபு வந்தான். பாயைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. அவனுக்கும் அதே பயம்தானே.

பாய் அவன் முட்டியைப் பார்த்தார். "ஒரு தபா உக்காந்து எந்திரி நைனா."

உட்கார்ந்தான். எழுந்திருக்கும்போது கை தானாகச் சுவரைத் தேடியது. சட்டென்று இழுத்துக்கொண்டான். ஆனால் பாய் பார்த்துவிட்டார்.

"வர்ற சீசன் வேணாம் நைனா. மொதல்ல காலப் பாரு" என்றார். அவன் தோளைத் தட்டினார். கேப்டன் என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிரபு பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஐஸ் வச்சிக்கினத சொல்ட்டியாம்மா?"

"உனக்காகத்தான்டா பேசுனேன்."

அவன் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அட, விடும்மா. நீ சொல்லலன்னா மட்டும் இன்னா? என்ன அனுப்பத்தான அவரு வந்தாரு."

எழுந்து போய் மீன் பெட்டியிலிருந்து ஐஸை எடுத்து வந்து அவன் முட்டியில் கட்டினேன்.