பானைக்குள் இருந்த சாம்பல் கிண்ணங்கள்

தன் பெயருள்ள புனிதரின் நாளான பெயர்த் திருநாளன்று அகிலியாஸ் காலையிலேயே காபிக்கடைக்கு வந்துவிட்டார். கடையில் இருக்கிற எல்லோருக்கும் தன் பேரில் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அடுப்படியில் நின்ற கிளியான்தி அதைப் பார்த்தாள். அவர் பேரில் வரும் காபியை யாரும் வாங்கமாட்டார்கள். அந்த மனுஷர் ஒரு பாவமும் அறியாதவர் என்பது கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தக் கிரேக்கத் துறைமுக ஊரில் காபிக்கடை என்றால் புகையும் சேர்த்துத்தான். உள்ளே யாரும் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கதவில் சிவப்புக் கோடு போட்ட அட்டைகூட ஒட்டியிருந்தது. படகு எஞ்சின் பழுதுபார்க்கிற லாம்ப்ரோஸ் அந்த அட்டைக்குக் கீழே நின்றுதான் பற்றவைப்பான். மேஜையில் சாம்பல் கிண்ணம் இருந்தால்தானே குற்றம் என்று, சின்னத் தம்ளரில் ஈரக் காகிதத்தைத் திணித்து வைப்பார்கள். நிஜமான கிண்ணங்கள் சாயங்காலம் திரையை இழுத்துவிட்ட பிறகுதான் வெளியே வரும். பகலில் அவை கழுவு தொட்டிக்கு அடியில், கொண்டைக்கடலை வேகவைக்கிற பெரிய பானைக்குள் கிடக்கும். அந்த இடம் கிளியான்திக்கும் அவள் புருஷன், கடைக்காரர் ஸ்தெர்யோசுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்தெர்யோசுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் சொன்னதும் சிகரெட்டை விட்டுவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விடிந்ததிலிருந்து கடை அடைக்கிற வரை அடுத்தவர் விட்ட புகையைத்தானே இழுத்துக்கொண்டிருந்தார். வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று கிளியான்தி கெஞ்சிப் பார்த்தாள். நாற்பது வருஷமாக வருகிறவனை வாசலில் நிற்கச் சொல்வதா, எதிர்க்கடைக்காரன் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறான் என்று அவர் வாயை அடைத்துவிட்டார். ராத்திரியில் அவர் மூச்சு விசில் அடிக்கும். அவள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் அவர் டாக்டரிடம் போயிருந்தபோது, அவள் புகார் எண்ணுக்குப் போன் பண்ணினாள். பேர் சொல்லவில்லை. கடையை மட்டும் சொல்லிவிட்டு வைக்கலாம் என்றுதான் எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகக் கேட்கக் கேட்க, பானை வரைக்கும் சொல்லிவிட்டாள். எச்சரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாள். வந்த அதிகாரிகள் இரண்டு பேரும் நேரே அடுப்படிக்குள் போய், குனிந்து, பானையின் மூடியைத் திறந்தார்கள். அபராதம் எழுதினார்கள். ஸ்தெர்யோஸ் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் அவள் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்கே கடைக்கு வருகிறவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: அகிலியாஸ். மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர், புகை வந்தால் இருமுகிறவர், வந்ததும் ஜன்னலைத் திறக்கிறவர். வேறு யாராக இருக்க முடியும்? மருந்து விற்றவனுக்குக் காட்டிக்கொடுக்கத்தானா தெரியாது என்று மீன்வலைக்கார ஃபோத்திஸ் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். தம்ளர் கழுவிக்கொண்டிருந்த கிளியான்திக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் முகம் எரியும். அகிலியாசோடு யாரும் தாயம் உருட்டவில்லை, சீட்டு போடவில்லை. அவர் தினமும் வந்து தனியாக உட்கார்ந்து, செய்தித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனார். புகையும் ஒரு மாசத்தில் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது கிளியான்தி தட்டில் காபிகளை வைத்து மேஜை மேஜையாகக் கொண்டுபோனாள். இன்னார் பேரில் என்று சொல்லித்தான் வைக்க வேண்டும். சொன்னாள். அந்த ஊரில் ஒருவர் வாங்கிக்கொடுத்த காபியைக் கையில் எடுத்து அவர் பக்கம் உயர்த்தி வாழ்த்தாமல் இருந்தால், நீ எங்களில் ஒருத்தன் இல்லை என்று சொன்ன மாதிரி. லாம்ப்ரோஸ் கோப்பையை ஒற்றை விரலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினான். பிறகு ஃபோத்திஸ். பிறகு ஒவ்வொருவராக. அகிலியாஸ் வாழ்த்து வாங்கத் தயாராக எழுந்து நின்றவர், நின்றது தெரியாத மாதிரி ஜன்னலைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

காலித் தட்டோடு கிளியான்தி நடுக்கடையில் நின்றுவிட்டாள்.

"குடிங்க. அவர் பண்ணல. போன் பண்ணது நான்."

ஒரு நொடி கழித்துச் சிரித்தார்கள். லாம்ப்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாடா அக்கா மனச? அவருக்காகத் தன் தலைல போட்டுக்குது. ஸ்தெர்யோசண்ணே, உங்க பொண்டாட்டிக்குக் கோயில் கட்டணும்."

கல்லாவில் இருந்த ஸ்தெர்யோசும் சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் குனிந்துவிட்டார். இப்படியே விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நல்லவள் என்ற பேரோடு உள்ளே போய்விடலாம். தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"ஆபீஸருங்க நேரா பானையத் திறந்தாங்களே," என்றாள் மெதுவாக. "அகிலியாஸ் ஐயா என்னைக்காவது என் அடுப்படிக்குள்ள வந்திருக்காரா?"

ஸ்தெர்யோஸ் நிமிர்ந்தார். இருமல் நின்றிருந்தது. அவர் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. யாரோ புதுசாகக் கடைக்குள் வந்த மாதிரி பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

"ராத்திரி உங்க மூச்சக் கேட்டுத் தாங்க முடியல."

ஃபோத்திஸ் கையிலிருந்த சிகரெட்டை ஈரத் தம்ளருக்குள் போட்டான். அது சீறி அணைந்தது. லாம்ப்ரோஸ் ஓரத்துக்குத் தள்ளிய கோப்பையை எடுத்து, அகிலியாசை நேராகப் பார்க்காமல் உயர்த்தி, பல்லாண்டு இருங்க என்று முணுமுணுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது.

கிளியான்தி உள்ளே போய் ஒரு கோப்பை புதிதாகக் கொதிக்கவைத்தாள். நுரை கலையாமல் கொண்டுவந்து ஜன்னலோரத்தில் வைத்தாள்.

"இது என் பேர்ல, ஐயா."

அகிலியாஸ் கோப்பையைப் பார்த்தார். செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு தினமும் நீதானேம்மா எனக்குக் காபி கொண்டுவந்து வச்சே," என்றார்.

பிறகு ஒற்றை விரலால் கோப்பையை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஜன்னல் திறந்தே இருந்தது. அன்று அதை யாரும் சாத்தவில்லை, யாரும் பற்றவைக்கவும் இல்லை.