வலது கண் மட்டும்

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. அந்தக் கடையில் வேலை பார்த்து, அப்போது லீவில் இருந்த ஓர் அம்மாவைப் பற்றி அவருடைய தோழி கல்லாவில் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு வருவதற்குள் என் முறை வந்து தொலைத்தது.

2

தொடக்கம் ஒன்று: ‘அவள் கண்ணில் நீர் திரண்டு…’ (அடித்துவிட்டேன். சீரியல் வாடை.)

தொடக்கம் இரண்டு: கண்ணில் அழுத்தம் ஏறினால், உள்ளே தேங்கும் நீர் வெளியேறச் சின்னதாக ஒரு வழி வெட்டுவார்கள். அது தழும்பாகி மூடிக்கொள்ளாமலிருக்க மருந்தும் வைப்பார்கள். மருந்து கொஞ்சம் மிஞ்சி வேலை செய்தால் காயம் ஆறாமல் கசியும். கிருமி புகும், பார்வையே போகலாம். (பாடப்புத்தகம்தான். ஆனாலும் இருக்கட்டும், தேவைப்படும்.)

3

அந்த அம்மாவுக்கு வலது கண்ணில் இந்த அறுவை சிகிச்சை. மூன்றாம் வாரம் கண் வழிய ஆரம்பித்தது. முந்தின நாள்தான் அம்மாவின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று கணவர் கத்தியிருந்தார். வழிவதைப் பார்த்ததும் மனிதர் ஆடிப்போனார்.

“அழாத. தப்பு என்மேலதான்.”

முப்பது வருடத்தில் முதல் முறை! ‘இது அழுகை இல்லீங்க’ என்று சொல்ல வாயெடுத்த அம்மா, மூடிக்கொண்டார்.

(இவரை நம்ப முடிகிறதா? மருந்துக்கடைக் கல்லாவில் நின்று ஊருக்கெல்லாம் “பக்கவிளைவு வந்தா உடனே டாக்டரப் பாருங்க” என்பவர். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் முப்பது வருடம்!)

நான்கு நாள் ராஜ உபசாரம். கணவர் பாத்திரம் கழுவினார், மச்சினிக்கே போன் போட்டார். ஐந்தாம் நாள் சொட்டுமருந்துப் புட்டியில் எழுத்துகள் கலங்கின. அம்மா இடது கண்ணை மூடிப் பார்த்தார், இன்னும் கலங்கின. சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

தட்டைக் கழுவியபடி கணவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, ஏன் வலது கண்ணு மட்டும் ஒழுகுது?”

அவர் பிளம்பர். (முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் ஒளித்தேன்.)

“நாலு நாளா ஒரு லீக்குகிட்டயா மன்னிப்பு கேட்டுட்டிருக்கேன்? கெளம்புடி ஆஸ்பத்திரிக்கு!”

4

முடிவு அ: வழியெல்லாம் திட்டுகிறார். முடிவு ஆ: வாயே திறக்கவில்லை, அதுதான்… (வேண்டாம்.)

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கண் பிழைத்ததா என்பது எனக்குத் தெரியாது. பிழைக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

குழாய்கள் உருளும் வண்டியில், சிக்னலில் நின்றபோது அவர் பக்கவாட்டில் பார்த்தார்.

“இப்ப இடது கண்ணுலயும் வருதே, அது எதுக்கு?”

அம்மா சொன்ன பதிலை நீங்கள் எழுதுங்கள். சிக்னலில் பச்சை விழுவதற்குள்.