பதினோராவது படம்

பனிக்கட்டியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவள் உமாராணி. ஆனால் வடக்கே எங்கோ, வருஷத்தில் பாதி நாள் ஆறே உறைந்து கிடக்கும் ஓர் ஊரில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. உட்கார்ந்திருப்பதோ துபாயில், அல் கூஸ் கிடங்கு ஒன்றின் மாடி ஆபீஸில். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். "இல்லாத ஊருக்கு வழி சொல்றவ" என்று அவள் கணவன் சதீஷ்குமார் கேலி செய்வான்.

விஷயம் ஒன்றும் புரியாதது இல்லை. குளிர் விட்டுப் பனி உடையும்போது பாளம் பாளமாக மிதந்து வந்து ஆற்று வளைவில் அடைத்துக்கொள்ளும். சிங்கில் சோற்றுப் பருக்கை அடைத்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் வந்தாலும் நிரம்பி வழியுமே, அதே கதைதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அறுபத்தோரு வருஷ நீர்மட்டப் பதிவில் நாலு வருஷம் வெற்றாகக் கிடந்தது. பனிப்பாளம் வந்து அளவு கருவியையே பிடுங்கிக்கொண்டு போன வருஷங்கள் அவை. எந்த வருஷம் தண்ணீர் ரொம்ப உயரம் ஏறியதோ, அந்த வருஷத்துக்குத்தான் எண் இல்லை.

"வெற்றா இருக்கறதை விட்டுடும்மா," என்றார் வெங்கட்ராமன். அவளுடைய மேலதிகாரி, கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "இல்லாத நம்பரை எங்க போய்த் தேடறது? வியாழக்கிழமை ரிப்போர்ட் போயாகணும்."

விட்டால், வரைபடத்தில் வெள்ளத்தின் நீலக் கோடு ஆற்று வளைவிலிருந்த முதியோர் இல்லத்துக்கு இருநூறு அடி முன்னாலேயே நின்றுவிடும். அங்கே எண்பத்து மூன்று பேர் இருந்தார்கள். கோட்டுக்கு வெளியே என்றால் அங்கேயே இருப்பார்கள். உள்ளே என்றால் மேட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

வெற்றை விட்டுவிடுவது உமாராணிக்குப் புதிதா என்ன? அதுதானே அவளை இரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது.

அல் ஐனுக்கு வெளியே ஒரு வாதி, மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் படுகை. அதன் கரையில் தொழிலாளர்கள் தங்க லேபர் கேம்ப் கட்டலாமா என்று அளக்கப் போயிருந்தாள். அளவுகோலைப் பிடித்தவன் வைரவன், இளையான்குடிப் பக்கத்துக்காரன். கோலை நட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் கத்துவான்: "நேரா நிக்கிறேன் மேடம், பாத்துக்கங்க!" அவன் உச்சந்தலை கோலில் ஒரு மீட்டர் அறுபத்து நாலில் வந்து நிற்கும். அன்றைக்கு அவன் பக்கத்திலிருந்த முள்மரத்தைக் கை உயர்த்திக் காட்டினான்.

"மேடம், அந்தா மரத்துல செத்தையும் சருகுமா மாட்டிக் கெடக்கு, பாத்தீகளா? என் தலைக்கு மேல இருக்கு. எங்கூர்ல கம்மா ஒடஞ்சா இப்படித்தான் மாட்டும்."

"காத்துல வந்திருக்கும் வைரவன். வெயில் ஏறுது, அடுத்த பாயிண்டுக்குப் போங்க."

அந்த வாதியின் பதிவிலும் ஒரு வருஷம் வெற்று. விட்டுவிட்டாள். கேம்ப் வந்தது. அடுத்த ஏப்ரலில் ஒரு மழை கொட்டியது. அந்தக் கேம்ப்புக்கே மாற்றப்பட்டிருந்த வைரவனை இரண்டு நாள் கழித்துப் பாலத்தடியிலிருந்து எடுத்தார்கள். எதிர்பாராத மழை என்றார்கள் எல்லோரும். தண்ணீர் வடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்து, அவள் போட்ட அதே கோட்டை நம்பி, அதே இடத்தில் மறுபடி ஆள் போட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ஏசி அறையில் ஈரமண் வாசனை அடிக்கிறது. லிஃப்ட் கதவு மூடும்போது, "நேரா நிக்கிறேன் மேடம்" என்று காதோரம் கேட்கிறது. பட்டப்பகலில்தான்.

அதனால்தான் இந்த முறை அந்தப் பனி ஊர் சர்வேயருக்கு எழுதிக் கேட்டாள்: ஆற்றோர மரங்களில் ஏதாவது அடையாளம் உண்டா? அவர் பதினாலு படம் அனுப்பினார். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் பட்டை உரிந்து, பனிப்பாளம் மோதிய வடுக்கள். ஆனால் எதிலும் அளவு இல்லை. பதினோராவது படம் முதியோர் இல்லத்துக்குப் பின்னாலிருந்த மரம். பக்கத்தில் குல்லாயை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன், கை உயர்த்தி வடுவைக் காட்டியபடி நின்றான். சர்வேயரின் உதவியாள் போலிருக்கிறது. அவன் உயரத்தை வைத்து வடுவைக் கணக்கிட்டாள். இரண்டு மீட்டர் தொண்ணூற்றொன்று. அதை வெற்று வருஷங்களில் ஒன்றுக்குப் போட்டதும் நீலக் கோடு முதியோர் இல்லத்தை முழுசாக விழுங்கியது.

வெங்கட்ராமன் சிரித்தார். "ஒரு மரத்துக் காயத்தை நம்பி எண்பத்து மூணு பேரைக் கிளப்பச் சொல்றியா? கரடி பிறாண்டியிருக்கும்."

தன் பழைய வாக்கியமே அவர் வாயிலிருந்து வந்தது போலிருந்தது அவளுக்கு. "கரடி எல்லா மரத்துலயும் ஆத்துப் பக்கமாவே பிறாண்டுமா சார்?"

"சரி, அந்த ஆள் உயரம் உனக்கு யார் சொன்னா?"

அப்போதுதான் பார்த்தாள். அவள் கை தன்பாட்டில் 1.64 என்று அடித்திருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த சர்வேயரையே கேளு. டேப் வச்சு அளந்து அனுப்பட்டும். சரியா இருந்தாப் போட்டுக்கலாம். இல்லைன்னா கலாஸ், அதோட விட்டுடு."

மறுநாள் மதியம் பதில் வந்தது. 'இன்று அளந்தேன். தரையிலிருந்து இரண்டு மீட்டர் தொண்ணூற்றொன்று. உங்கள் கணக்கு சரி. ஆனால் உதவியாளின் உயரம் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் புரியவில்லை. அன்றைக்கு நான் தனியாகத்தான் போனேன். அந்தப் படத்தில் மரம் மட்டும்தான் இருக்கிறது.'

வெங்கட்ராமன் தன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். "ஆமா, வெறும் மரம்தானே? எந்த ஆளைச் சொன்னே நீ?" அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி விடு. அளவு சரியா இருக்கு. கோட்டைப் போடு. அவங்களை மாத்தட்டும்."

உமாராணி தன் இடத்துக்கு வந்தாள். அவள் திரையில் அவன் இருந்தான். முழங்கால் பனியில், நேராக, கை உயர்த்தியபடி.

"பாத்துட்டேன் வைரவன்," என்றாள் வாய்விட்டு. "மாட்டித்தான் கெடக்கு. உங்க தலைக்கு மேலதான்." அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி விடுவான் என்று காத்திருந்தாள். கோடு போட்டு, எண்பத்து மூன்று பேரையும் உள்ளே சேர்த்துச் சேமித்தும் பார்த்தாள்.

அவன் கையை இறக்கவில்லை.

அவன் கேட்டது அந்த மரத்தை இல்லை என்று அப்போது உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெங்கட்ராமன் முன்னால் போய் நின்றாள்.

"சார், அல் ஐன் ரிப்போர்ட். அதுல ஒரு வருஷத்தை வெற்றா விட்டது நான்தான். வைரவன் மரத்துல செத்தையைக் காட்டினாரு, காத்துன்னு சொன்னதும் நான்தான். தப்புன்னு என் பேர்ல எழுதி அனுப்பணும்."

வெங்கட்ராமன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அது முடிஞ்சு போன விஷயம்மா. செத்தவன் திரும்பியா வரப்போறான்? இப்ப எதுக்கு?"

"அங்க இன்னும் ஆளுங்க படுத்துத் தூங்குறாங்க சார்."