இரண்டு நாள் அறுப்பு

தோள்பட்டை எரிந்தது. சிமெண்ட் மூட்டை தேய்த்துத் தோல் உரிந்த இடத்தில் வியர்வை பட்டால் உயிர் போய் உயிர் வரும். போன உயிர் திரும்புவதற்குள் அடுத்த மூட்டையை ஏற்றிவிடுவார்கள். கட்டடத்தில் அவனுக்கு ஏணி என்று பெயர். நெடுநெடுவென்ற ஆள், மூட்டையோடு மாடிக்கு நிற்காமல் ஏறுவான்.

பாதிப் படியில் போன் அடித்தது. அக்கா.

"கதிர் முத்திடுச்சுடா. எப்ப வர்ற?"

ஊரில் அவர்களுக்குள் அறுப்புக்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. போன அறுவடையில் இவன் மனைவி பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது, அக்காதான் இரண்டு நாள் நிமிராமல் நின்று இவன் வயலை அறுத்துக் கொடுத்தாள். இப்போது அத்தான் இடுப்பு பிடித்துக் கிடக்கிறார். அவர்கள் வயலோ குத்தகை. விளைச்சலில் பங்கு அளக்காவிட்டால் நிலம் கைமாறிவிடும்.

மேஸ்திரியிடம் லீவு கேட்டான்.

"போயிட்டு வா ராசா, யாரு தடுத்தா? இந்த வாரக் கூலியை மறந்துடு, அவ்வளவுதான். உன் இடத்துக்குக் கேட்டுல ஆளுங்க முட்டி மோதி நிக்கிறாங்க."

"ரெண்டே நாள்தாண்ணே."

"அதுவரைக்கும் கான்கிரீட் உனக்காகக் காத்திருக்க, அது என்ன உன் பொண்டாட்டியா?"

"பொண்டாட்டியும் எத்தனை நாள்தான் காத்திருப்பா?" என்றான் கம்பி கட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏணி கணக்குப் போட்டான். இங்கே ஒரு நாள் கூலிக்கு ஊரில் மூன்று ஆள் வைக்கலாம். இதைவிட்டு எவனாவது பஸ் ஏறிப் போய்க் குனிவானா? மாலையே பணம் அனுப்பிவிட்டுப் பேசினான்.

"ஆள் வச்சுக்கக்கா. நான் ஒருத்தன் வந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

"ஆளா? இங்க யாருடா இருக்கா? எல்லாரும் அங்கதானே இருக்கீங்க."

"பக்கத்து ஊர்ல கேளு. காசைக் காட்டினா வராம எங்க போவாங்க?"

"சரிடா" என்றாள். அவனுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது.

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கட்டடத்தில் வேலையில்லை, வேலையில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தவன் போன் செய்தான். அத்தான் எடுத்தார்.

"உங்க அக்கா வயல்ல இருக்கா. சாஞ்ச கதிரைத் தண்ணிக்குள்ள தடவித் தடவி அறுக்குறா."

"ஆள் யாரும் வரலையா அத்தான்?"

"வந்தாங்களே ரெண்டு கிழவிங்க. ஒருத்திக்குக் கண்ணு தெரியல, ஒருத்திக்குக் குனிய முடியல. ரெண்டையும் ஒட்டவச்சாலும் ஒரு ஆள் தேறாது." சிரிக்கப் பார்த்தார்.

கதிர் வயலிலேயே முளைத்துப்போனது. பங்கு அளக்க வழியில்லை. நிலத்துக்காரர் வயலை வேறொருவருக்கு விட்டார்.

அடுத்த மாதம் கட்டட வாசலில், வேலைக்கு நின்ற கூட்டத்துக்குள் அக்கா நின்றாள்.

"மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுடா. செங்கல் தூக்குறேன்."

"ஏணிக்கு அக்காவா? அப்ப உனக்குப் படிக்கட்டுன்னு பேர் வச்சிட வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். வேலை வேண்டுமே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவன் அனுப்பிய பணத்தை நீட்டினாள்.

"அந்தக் கிழவிங்க கூலி போக மீதி. ஆளே கெடைக்கல, யாருக்குக் குடுக்குறது?"

"வச்சுக்கக்கா. நான் உனக்குத் தர வேண்டியதுதானே."

"காசு எதுவும் நீ எனக்குத் தர வேண்டியதில்லையேடா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சும்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்து, செங்கலை அடுக்கச் சொல்லி அவன் பக்கம் குனிந்தாள். அவன் அடுக்கினான். குறைவாக அடுக்கினால் மேஸ்திரி பார்ப்பார், நிறையவே அடுக்கினான். அவள் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

அக்காவுக்கு அவன் தர வேண்டியது இரண்டு நாள் கதிர் அறுப்பு. அறுத்துக் கொடுக்க அவளுக்கு வயல் இல்லை. கடன் அப்படியே நிற்கிறது.