நாற்காலிக்குப் பின்னால்

கல்யாண ஏற்பாடு படிக்கும் மாணவர்களை ஸ்ரீரங்கராஜன் சார் அன்று ஸ்ரீரங்கத்தில் நிஜக் கல்யாணம் நடக்கும் மண்டபத்துக்கே கூட்டிப்போனார்.

"பந்தியில சாப்பிடறவங்க பின்னாடி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு யாரும் நிக்கக் கூடாது. அதைவிட அநாகரிகம் கிடையாது! சம்ரீன், அது உன் பொறுப்பு" என்றார்.

சம்ரீன் விடுவாளா? மாப்பிள்ளையின் தாய்மாமனையே சிரித்த முகத்தோடு கூடத்தில் உட்காரவைத்துவிட்டாள். மூன்றாம் பந்தியில்தான், இன்னும் இலையை மூடாத ஒருவரின் நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடி ஓர் ஆள் நிற்பதைக் கண்டாள். பார்த்தால், ஸ்ரீரங்கராஜன் சார்!

"சார், வெளியே உக்காருங்க. நான் கூப்பிடுறேன்."

"அதுக்குள்ள அக்காரவடிசல் தீந்துடும்மா!"

சம்ரீன் திரும்பிப் பார்த்தாள். பரிமாறுபவர் வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவளும் போய்ப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.