இருப்புக் கொள்ளாத அம்மன்

அரிசி விலை மறுபடி ஏறிய வாரத்தில், ஒரு நண்பகலில், அம்மன் கருவறைக் கதவை உள்ளிருந்து தட்டினாள். நடை சாத்திவிட்டுச் சாப்பிடக் கிளம்பிய பூசாரி திரும்பி வந்து திறந்தார். உள்ளே கல் கல்லாகத்தான் இருந்தது. பூட்டிவிட்டுப் படியிறங்கியதும் மறுபடி தட்டல். அன்றைக்கு அவர் சோறு ஆறிப்போயிற்று.

எதற்குத் தட்டுகிறாள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊர் தோன்றுவதற்கு முன்னால் அவள் ஆற்றோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவள். ஏரிக்கரை உடையத் தொடங்கியபோது கொத்தன் ஒருவன் அவளை மறித்து, "தாயி, நான் போய் கல்லு கொண்டு வர்றேன். வர்ற வரைக்கும் இந்த உடைப்பைப் பாத்துக்கிட்டு இங்கயே இரு" என்றான். அவளும் சரியென்று உட்கார்ந்தாள். போனவன் வரவேயில்லை. பாம்பு கடித்துச் செத்தான் என்பார்கள் சிலர். வந்தால் அவள் போய்விடுவாளே என்று வேண்டுமென்றே வரவில்லை என்பார்கள் மற்றவர்கள். அவன் வம்சத்துக்கு 'வர்றேன்னவன் வீடு' என்று பேர் நிலைத்தது. அந்த வீட்டார் யாரும் கோயில் படி தாண்டக் கூடாது. தாண்டினால் வாக்கு முடிந்தது. அவளும் போவாள், ஏரியும் போகும்.

அந்த வீட்டில் மிச்சமிருந்தது தையல்காரியும் அவள் மகளும்தான். அம்மனுக்குப் பாவாடை தைப்பவள் அவளே. படிக்கு வெளியே நின்று நீட்டுவாள், பூசாரி வாங்கிக்கொள்வார். தைத்தது பொருந்தியதா என்று ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை.

தட்டல் நிற்கவில்லை. நாளாக ஆக அது ஊராரின் கால்களுக்குள் இறங்கியது. யாருக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலாவுகிறவர்களின் பின்னாலேயே கத்தியோடு நடந்து சவரம் செய்தார் முடிதிருத்துபவர். பால்காரர் மாட்டோடு நடந்தபடி கறந்ததில் பாதி மண்ணுக்குப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் பேசி முடிப்பதற்குள் அடுத்த ஊர் எல்லைக்குப் போயிருந்தார்கள். தர்மகர்த்தா மட்டும், தானும் தூணைச் சுற்றிக்கொண்டே, "எல்லாம் வெயில் சூடுதான்" என்றார்.

தையல்காரியின் மகள் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தூக்கம் போயிற்று, பிறகு சோறும் போயிற்று. பாதம் வீங்கிவிட்டது. "அம்மா, உக்கார முடியலம்மா. காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று அழுதபடியே நடந்தாள். மடியில் இறுக்கிப் பிடித்தால் மடியே ஆடியது. ஒரு காலையில் தாய் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

தர்மகர்த்தா குறுக்கே நின்றார். "படியத் தாண்டாதே. ஒரு புள்ளைக்காக ஊரையே கெடுப்பியா?"

"ஊருக்காக ஒருத்திய இன்னும் எத்தனை காலம் உக்கார வெப்பீங்க?" என்றவள், மகளைப் படியில் இறக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

பாவாடை இடுப்பில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆனால் கீழ்க்கரை நைந்து, மண்ணேறிக் கிடந்தது. கருவறைத் தரையில், சுவரோரமாகச் சுற்றிலும், கல் குழிந்து ஒரு தடம். தையல்காரி அந்தக் கிழிசலை விரலால் நீவிப் பார்த்தாள். "உக்காரவே இல்லியா நீ?" என்றாள். பிறகு, "வர்றேன்னவன் வீட்டு ஆளுதான். ரொம்ப லேட்டாயிடுச்சு. மனசுல வெச்சுக்காதே. நீ கிளம்பு தாயி."

முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. அம்மன் வெளியே வந்தாள். "போகாதே" என்று வழியில் குப்புற விழுந்த தர்மகர்த்தாவை, தூங்கும் குழந்தையை நகர்த்துவதுபோல ஓரமாக நகர்த்திவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள். படியில் சிறுமி உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

அந்தக் கோடையில் ஏரி அடிமண் தெரிய வற்றியது. தையல்காரிக்கு யாரும் துணி கொடுக்கவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை. ஆனால் உடைப்பைக் காத்துக்கொண்டு இனி யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்பது ஊருக்குப் புரிந்தது. மழைக்கு முன்னால் அதை அடைக்க ஊரே கல் சுமந்தது, முணுமுணுத்துக்கொண்டேதான். தர்மகர்த்தாவும் சுமந்தார். மழை வந்தது. கரை நின்றது. பிறகு ஒருநாள் முழங்கால்வரை சேற்றோடு அம்மன் தானாகவே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சில வாரம் இருந்தாள், போனாள், வேறொரு பருவத்தில் வந்தாள்.

இப்போது கருவறைக்குக் கதவில்லை. வெளியூர்க்காரர்கள் காலி மேடையைப் பார்த்துத் திகைத்தால் பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டி, "வெளிய போயிருக்காங்க. அவசரமில்லேன்னா உக்காருங்க" என்பார். பெரும்பாலும் உட்காருகிறார்கள்.